பதினேழாம் எண் தொப்பி

"முப்பத்தெட்டுப் பேருங்க. எண்ணிப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கச் சொன்னேன். சத்தியமா முப்பத்தெட்டு."

வழிகாட்டிப் பெண் இதைச் சொல்வது ஆறாவது தடவை. சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கழுத்தில் விசிலும் கையில் பயணிகள் பட்டியலுமாகச் சுற்றுலாப் பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் எண்பது மாடிக் கோபுரம் ஒன்றும் நடக்காதது போல வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. அந்தக் கோபுரத்துக்குள் தொலைந்துபோன ஓர் அம்மாளை மூன்று மணியிலிருந்து போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. இப்போது மணி நாலே முக்கால்.

பட்டாசு அண்ணியைப் பார்த்தான். பட்டாசு என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. அவன் வாய் வாங்கிக் கொடுத்த பெயர். நாற்பத்திரண்டு வயதாகியும் அந்த வாய்க்குப் பயந்து யாரும் பெண் கொடுக்கவில்லை. அண்ணி அவனுடைய அண்ணன் மனைவி. ரயில்வேயில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்கள் தவறவிட்ட குடையும் பெட்டியும் பல்செட்டும் பார்த்துவிட்டு, வேலையை விட்டதும் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஒரு காலத்தில் இந்த வழிகாட்டிப் பெண்ணின் சர்டிபிகேட் பையை மூன்றே மணி நேரத்தில் மீட்டுக் கொடுத்திருந்தாள். அந்த நன்றியில்தான் இன்றைக்கு முதல் போன் போலீசுக்கும் இரண்டாவது போன் அண்ணிக்கும் வந்தது.

"காணாமப் போனவங்களுக்கு என்ன வயசு?" என்றாள் அண்ணி.

"அறுபத்தெட்டு." பதில் சொன்னவர் அந்த அம்மாளின் கணவர். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு கையாலும் தன் மஞ்சள் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார். "ஒரு வருஷமா ஞாபகம் சரியில்லம்மா. வீட்டு வாசல்ல கொண்டு நிறுத்தினாலே 'இது யார் வீடு'ன்னு கேப்பா. செல்போன் குடுத்தா அதையும் எங்கியாவது வெச்சிடுவா. காலையில சர்க்கரை ஊசி போட்டுட்டா. அதுக்கப்புறம் வாய்ல ஒண்ணும் போடல. இங்க வந்துதான் மதியச் சாப்பாடுன்னாங்க. சர்க்கரை இறங்கிச்சுன்னா உக்காந்த இடத்துலேயே சாஞ்சிடுவாம்மா..."

பட்டாசு ஜோக் அடிக்க வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். காலையில் அருங்காட்சியகம், படகுத் துறை, மதியம் பழைய அரண்மனை, பிறகு கோபுரம் என்று ஒரு நாள் சுற்றுலா. இரண்டு மணிக்கு அரண்மனையிலிருந்து பஸ் கிளம்பும்போது எண்ணிக்கை சரி. முக்கால் மணி நேரத்தில் கோபுரத்துக்கு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால், அந்த அம்மாளின் நாற்காலி மட்டும் காலி. பஸ்ஸுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே இருநூறு அடி தூரம். அந்த இருநூறு அடியில் ஆள் மாயம்.

"பஸ்ல உங்க பக்கத்துலதான் உக்காந்து வந்தாங்களா?"

"ஆமாம்மா. பதினேழு அவ, பதினெட்டு நான்." வாத்தியார் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அண்ணி தலையாட்டினாள். "எல்லாருக்கும் இந்த மஞ்சள் தொப்பி உண்டா?"

"உண்டுங்க. சீட் நம்பர்தான் தொப்பி நம்பர், உள்பக்கம் எழுதியிருக்கும்," என்றாள் வழிகாட்டி. "மத்தவங்களை வேற பஸ்ல ஏத்தி அனுப்பிட்டேன். தொப்பியெல்லாம் திரும்ப வாங்கி அந்தச் சாக்குல போட்டாச்சு."

"தம்பி, சாக்குல எத்தனை இருக்குன்னு எண்ணுங்க."

"ஆள் தேட வந்தா என்னைச் சலவைக்காரனா ஆக்கிட்டீங்களே அண்ணி," என்று முனகிக்கொண்டே பட்டாசு சாக்கைக் கவிழ்த்தான். முப்பத்தெட்டுப் பயணிகள். வாத்தியார் தொப்பி அவர் கையில் இருக்கிறது. காணாமல் போன அம்மாளின் தொப்பி அவள் தலையில் இருக்கும். ஆக முப்பத்தாறு இருக்க வேண்டும். அவன் எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"முப்பத்தேழு வருது அண்ணி."

"பதினேழைத் தேடுங்க."

அடியிலிருந்து நாலாவதாகக் கிடைத்தது. பட்டாசு அதை உள்பக்கம் திருப்பிக் காட்டியதும் வாத்தியார் பிடுங்கிக்கொண்டார். அண்ணி கேட்டாள்: "இதைச் சாக்குல போட்டது யாரு?"

"நாந்தாங்க," என்றார் டிரைவர். அதுவரை டயரை எட்டிப் பார்ப்பதும் கண்ணாடியைத் துடைப்பதுமாக ஒதுங்கியே இருந்த மனுஷன். "பதினேழாவது சீட்டுல கிடந்துச்சு. விட்டுட்டு இறங்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

"காலையிலிருந்து ஒரு தடவையாவது அவங்க தொப்பியை சீட்டுல விட்டுட்டு இறங்கினாங்களா?"

இல்லை என்று வழிகாட்டி தலையசைத்தாள். அண்ணி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "நீ எப்படி எண்ணுவே? எனக்கு எண்ணிக் காட்டு."

வழிகாட்டி எழுந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண் மட்டும் வரிசை வரிசையாக நகர்ந்தது. "ஆளைப் பாத்து விரல் நீட்டி எண்ணக் கூடாதுங்க. ஆட்டு மந்தையான்னு பயணிகள் கோவிச்சுக்குவாங்கன்னு கம்பெனி உத்தரவு. அதான் இங்க நின்னு தொப்பியை எண்ணுவோம். சாப்பிட்டுத் தூங்கினாலும் குனிஞ்சாலும் மஞ்சள் கண்ணுக்குத் தெரியும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். முகம் வெளுத்துப் போனது. "ஐயோ. நான் தொப்பியைத்தான் எண்ணினேன்."

"அவ்வளவுதான். முப்பத்தெட்டுத் தொப்பி ஏறுச்சு. முப்பத்தெட்டுப் பேரு ஏறல." அண்ணி டிரைவர் பக்கம் திரும்பினாள். "தொப்பி தானா நடந்து வந்து சீட்டுல உக்காராது. யாரை ஏத்திக்கிட்டு வந்தீங்க?"

டிரைவர் துணியைக் கீழே போட்டார்.

"போட்டோக்காரனைங்க. தினமும் மதியம் அரண்மனை வாசல்ல படம் எடுப்பான், சாயங்காலம் கோபுரத்துல. நடுவுல என் வண்டியில தொத்திக்குவான். கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். வழக்கமாப் பின்படியில நிப்பான். இன்னைக்குப் பாத்தா தொப்பியோட சீட்டுலேயே உக்காந்துட்டான். எனக்கே சிரிப்பு வந்துச்சு." அவர் இப்போது சிரிக்கவில்லை. "அந்தம்மா ஏறலங்கிறது எனக்குத் தெரியாதுங்க. எம் பிள்ளைங்க மேல சத்தியம்."

போட்டோக்காரனைப் பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கோபுரத்தின் நுழைவாயிலில் ஒரு ஜோடியைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். முறுக்கு மீசையும் மூன்று கேமராவுமாக நின்றவன் டிரைவர் முகத்தையும் வாத்தியார் கையிலிருந்த தொப்பியையும் பார்த்த உடனே கேமராவைத் தாழ்த்தினான்.

"தொப்பியைத் திருடலைங்க! அரண்மனையில மாடிக்குப் போற படிக்கட்டு இருக்குல்ல, அதோட முதல் திருப்பத்துல கிடந்துச்சு. யாரும் தேடி வரல. அதே நம்பர் சீட்டும் காலியா இருந்துச்சு. மூஞ்சியில கவுத்துக்கிட்டுத் தூங்கிட்டு வந்தேன், சீட்டுலேயே வெச்சுட்டு இறங்கிட்டேன். அதுக்கா இவ்வளவு பேரு வந்திருக்கீங்க?"

பட்டாசுவுக்கு அவனை ஓர் அறை விடலாம் போல இருந்தது. ரெண்டு மணி நேரமாகப் போலீசும் வழிகாட்டியும் புருஷனும் எண்பது மாடியையும் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார்கள். தேட வேண்டிய இடமோ ஊரின் அந்தக் கோடியில்.

"என் ஆபீசுக்கு வர்றவங்க எல்லாரும் இதே தப்பைத்தான் செய்வாங்க," என்றாள் அண்ணி, பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டே. "தொலைஞ்சது தெரிஞ்ச இடத்துல தேடுவாங்க. தொலைச்ச இடம் எப்பவும் அதுக்கு முன்னால இருக்கும். அரண்மனை எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"ஆறுக்குங்க," என்றாள் வழிகாட்டி. "நாளைக்கு வார விடுமுறை. நாளன்னைக்குக் காலையிலதான் திறப்பாங்க."

மணி ஐந்து அடித்து ஐந்து நிமிஷம். யாரும் எதுவும் சொல்லாமலே டிரைவர் ஓடிப்போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார்.

காலையில் முப்பத்தெட்டுப் பேரோடு கிளம்பிய பஸ்ஸில் இப்போது டிரைவரைத் தவிர நாலு பேர். வழிகாட்டி அரண்மனைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை ஒரு காவலாளி எடுத்தார். அவள் விவரம் சொல்லி, கேட்டு, போனை இறக்கினாள்.

"மாடியை மூணு மணிக்கே பூட்டிட்டாங்களாம். பூட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை 'யாராவது இருக்கீங்களா'ன்னு குரல் குடுத்தாராம். பதிலே இல்லையாம். கீழேயும் அப்படி யாரும் இல்லைன்னு சொல்றாரு. சாவி மேலாளர்கிட்ட இருக்காம், அவர் கிளம்பிட்டே இருக்காராம்."

"அவரைப் பிடிச்சு நிறுத்தச் சொல்லு," என்றாள் அண்ணி.

பாலத்தின் மேல் வாகனங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. டிரைவர் ஹாரனை அழுத்தி அழுத்திக் கை வலித்ததுதான் மிச்சம். வாத்தியார் பதினேழாம் எண் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, போகாத ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. பட்டாசுவால் அதைப் பார்க்க முடியவில்லை. மனசு கனத்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. அது அவன் வாங்கி வந்த வரம். மனுஷனைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று ஆரம்பித்தான்.

"ஆனா ஒண்ணுங்கய்யா. பக்கத்து சீட்டுல உக்காந்து வந்தீங்க. முக்கால் மணி நேரமா உங்க வீட்டம்மாவுக்கு முறுக்கு மீசை முளைச்சிருந்ததை நீங்க கவனிக்கவே..."

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. வாக்கியத்தை முடிக்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வாத்தியாரின் உதடு அசைவது நின்றுவிட்டது. முன் சீட்டிலிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. இந்தக் கேள்வி போட்டோக்காரனின் மீசையைப் பார்த்த நிமிஷத்திலிருந்தே அவளிடம் இருந்திருக்கிறது. அவரே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். பட்டாசுவுக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க பக்கத்துல உக்காரல," என்றாள் அண்ணி மெதுவாக.

"இல்லம்மா. கடைசியில காலியா இருந்த சீட்டுல போய் உக்காந்தேன்."

"மாடியில என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. உங்களைக் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல. அங்க போனதும் எங்க தேடணும்னு எனக்குத் தெரியணும்."

பஸ் நாலு அடி நகர்ந்து மறுபடி நின்றது.

"காலையிலிருந்து ஒரே கேள்வி. 'அடுத்து எங்கேங்க போறோம்?' அருங்காட்சியகத்துல கேட்டா. படகுல கேட்டா. சொல்லி வாய மூடறதுக்குள்ள திரும்பவும் அதே கேள்வி. நாப்பது வருஷம் பாடம் நடத்தினவன்தாம்மா நான், ஒரே கேள்வியை நூறு பிள்ளைங்க கேட்டாலும் பதில் சொல்லியிருக்கேன். இவகிட்ட முடியல. அரண்மனை மாடியில கண்ணாடிக் கூடத்துல நிக்கிறப்போ திரும்பவும் கேட்டா. சுத்தி அத்தனை பேரு பாக்கறாங்க. எனக்குக் கண்ணு மண்ணு தெரியாமக் கோவம் வந்துடுச்சு. ஜன்னல் பக்கம் ஒரு மரத்தட்டி மறைச்சிருந்துச்சு, அதுக்குப் பின்னால ஒரு பெஞ்சு. அதுல கொண்டு உக்கார வெச்சு, 'நான் கூப்பிடற வரைக்கும் இங்கிருந்து அசையக் கூடாது, வாயத் திறக்கக் கூடாது'ன்னு..." அவர் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பி வைத்தார். "பிள்ளைங்கள அதட்டற மாதிரி அதட்டிட்டு இறங்கி வந்துட்டேன்."

"அப்புறம்?"

"வெளியில காத்தாட நின்னேன். விசில் ஊதினாங்க. இந்தப் பொண்ணு எல்லாரையும் எண்ணித்தானே ஏத்தும், அவளையும் கூட்டிட்டு வந்துடும்னு பஸ்ஸோட பின்வாசல் வழியா ஏறிட்டேன். எட்டிப் பாத்தேன். பதினேழுல மஞ்சத் தொப்பி தெரிஞ்சுது. வந்துட்டான்னு நெனச்சேன். முன்னால போய் மூஞ்சியைப் பாத்திருக்கலாம். போகல. போனா அந்தக் கேள்வியைக் கேப்பாளே." அவர் அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். "அந்த முக்கால் மணி நேரம் நான் நிம்மதியா இருந்தேம்மா. அதை யார்கிட்ட சொல்றது? அதான் பக்கத்துல இருந்தேன்னு பொய் சொன்னேன்."

வழிகாட்டி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். பட்டாசு எழுந்து போய் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் இருந்தான். அவன் வாழ்நாளில் பேசாமல் உட்கார்ந்த நேரங்களில் அது ஒன்று.

அரண்மனை வாசலில் பஸ் நின்றபோது மணி ஐந்து ஐம்பது. வெளிக்கதவில் ஒரு பாதியைச் சாத்தியிருந்தார்கள். மேலாளர் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காவலாளி.

"மேல யாரும் கிடையாதும்மா. முறையாப் பாத்துத்தான் பூட்டினோம்," என்றார் மேலாளர். "நீங்க வேற எங்கியாவது தேடுங்க. அங்க ராத்திரி அலாரம் போட்டாச்சு. நான் திறந்தா மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கணும்."

சட்டம் பேசுகிறவரிடம் சட்டம் பேசி ஜெயிக்க முடியாது என்பது அண்ணிக்குத் தெரியும். அவள் இடது பக்கம் திரும்பினாள். உள்ளே போகிறவர்கள் தரை கெடாமல் இருக்கச் செருப்பைக் கழற்றி வைக்கும் அறை அங்கே இருந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப் பெட்டிகள்.

"தம்பி, காலியில்லாத பெட்டி ஏதாவது இருக்கா பாருங்க."

பட்டாசு ஓடினான். எல்லாம் காலி. மேல் வரிசை காலி. நடு வரிசை காலி. கீழ் வரிசைக்குக் குனிந்தான். கடைசிக்கு முந்தைய பெட்டியில் ஒரு ஜோடி பழுப்பு நிறச் செருப்பு. இடது வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

அவன் கையில் அதைப் பார்த்ததும் வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான் குத்திக் குடுத்தேன். இன்னைக்குக் காலையில."

அண்ணி செருப்பை வாங்கி மேலாளருக்கு முன்னால், மோட்டார் சைக்கிளின் டேங்க் மேலேயே வைத்தாள். "இந்தக் கால் வெளியில போகலைங்க. சர்க்கரை வியாதிக்காரங்க. காலையிலிருந்து பட்டினி. நாளன்னைக்குத் திறந்தீங்கன்னா அப்பவும் மேலிடத்துக்கு எழுதத்தான் வேணும். எதை எழுதணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

மேலாளர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வாத்தியார் டேங்க் மேலிருந்த செருப்பை எடுத்துக்கொண்டார்.

படிக்கட்டில் வாத்தியார் பட்டாசுவுக்கு முன்னால் ஏறினார். எழுபது வயதுக் கால் எப்படி அந்த வேகத்தில் ஏறியது என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாடிக் கதவு திறந்தது. என்றைக்கும் திறக்காத ஜன்னல்கள் என்பதால் கூடத்துக்குள் கும்மிருட்டு. சுவர் முழுக்க இருந்த கண்ணாடிகளில் டார்ச் வெளிச்சம் பட்டு நூறாகத் திரும்பி வந்தது. எது தட்டி, எது நிழல் என்று தெரியவில்லை.

"அம்மா!" என்று கத்தினான் பட்டாசு. "அம்மா, எங்க இருக்கீங்க?"

பதில் இல்லை. காவலாளி, "நான் அப்பவே சொன்னேன்ல," என்றார். வழிகாட்டி விசிலை எடுத்து ஊதினாள். அதற்கும் ஒன்றுமில்லை. சாஞ்சிடுவா என்று வாத்தியார் சொன்னது பட்டாசுவின் காதில் ஒலித்தது.

அண்ணி எல்லோரையும் கையமர்த்தினாள். "நீங்க கூப்பிடுங்கய்யா. நீங்க கூப்பிடற வரைக்கும்னுதானே சொல்லிட்டுப் போனீங்க."

வாத்தியார் கூடத்தின் நடுவில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். நாற்பத்தைந்து வருடமாக அவளைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. வீட்டில் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே கூப்பிட்டார்.

"இந்தாம்மா..."

ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டாசு மனசுக்குள் எண்ணினான்.

"என்னங்க," என்றது ஒரு சன்னக் குரல், வலது கோடியிலிருந்து.

தட்டிக்குப் பின்னால் பெஞ்சில், அவர் உட்கார வைத்தபடியே இருந்தாள். வேர்வையில் சேலை நனைந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணி தன் பையிலிருந்த குளுக்கோஸை வழிகாட்டியின் தண்ணீர் பாட்டிலில் கரைத்து வாயில் புகட்டினாள். பாதி குடித்த பிறகுதான் அந்த அம்மாளுக்குக் கண் தெளிந்தது.

"யாரோ வந்து கூப்பிட்டாங்க. கதவைச் சாத்தினாங்க. நான் அசையவே இல்லீங்க," என்றாள் கணவனிடம், சொன்ன பேச்சைக் கேட்ட பெருமையோடு. "நீங்க கூப்பிடற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னீங்களே."

வாத்தியார் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த செருப்பை ஒவ்வொன்றாக அவளுக்கு மாட்டினார். இங்கே செருப்பு போடக் கூடாது என்று காவலாளி வாயெடுத்தார். மேலாளர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

பஸ்ஸில் ஏறியதும் வழிகாட்டி கம்பெனி உத்தரவைக் காற்றில் பறக்கவிட்டாள். ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினாள். ஐந்து. திரும்பி வந்து மறுபடியும் தொட்டு எண்ணினாள். டிரைவரையும் விடவில்லை. பெரியவரும் அந்த அம்மாளும் பதினேழிலும் பதினெட்டிலும் உட்கார்ந்தார்கள். பட்டாசு அவர்களுக்குப் பின் சீட்டு.

"அடுத்து எங்கேங்க போறோம்?"

"ஆஸ்பத்திரிக்கும்மா. டாக்டர் பாத்ததும் வீட்டுக்கு."

பாலம் ஏறும்போது திரும்பவும் கேட்டாள். அதே பதில், அதே நிதானம். பட்டாசு எண்ணிக்கொண்டே வந்தான். பதினோரு தடவை கேட்டாள். பதினோரு தடவையும் அவர் புதுசாகக் கேட்ட மாதிரியே சொன்னார். அதன் பிறகு கேள்வி வரவில்லை. பட்டாசுவுக்குத் திக்கென்றது. எட்டிப் பார்த்தான். பதினேழாம் எண் தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு அந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கியது.

பெரியவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு விரலால் தொப்பியின் ஓரத்தை மெல்லத் தூக்கி, உள்ளே இருப்பது அவள்தானா என்று பார்த்துவிட்டு, மறுபடி மூடினார்.